வீட்டுக்கு ஒராளும் நூத்துக்கு அம்பது புள்ளியும்

கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில மனு எழுதுத ஆளு நான். திங்கக்கிழமைன்னா காலைல எட்டு மணிக்கு உக்காந்தா மதியம் வரைக்கும் நிமிர முடியாது, பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ஓடைய மறிச்சு செவரு கட்டிட்டான், மவன் சோறு போட மாட்டேங்கான், எல்லாம் இந்த ஒரு பேனா வழியாத்தான் உள்ள போவும். அதனால வக்கீல் எழுதுன மாதிரி இருக்கும்னு நெனச்சு படிக்காதீங்க. ஃபாரம் நெரப்புதவன் கண்ணுக்கு ஒரு கேஸ் எப்படி தெரியுதோ அப்படி எழுதுதேன்.

சண்டைக்குப் போவ மாட்டேன்னு நாட்ட விட்டு ஓடுனவன இன்னொரு நாடு ஏத்துக்கிடுமாங்குத சங்கதி இது. இத என்ன படிக்க வச்சது ஒரு தம்பி. கோபாலசமுத்திரம் இலங்கை அகதி முகாம்ல இருக்கான், பேரு வேண்டாம். பெயிண்ட் வேலைக்குப் போறவன், எப்ப பாத்தாலும் நகக்கண்ணுல வெள்ளை பெயிண்ட் காஞ்சு போயி இருக்கும். 2007-ல மன்னார் பக்கமிருந்து படகு ஏறி வந்தவன், அப்ப அவனுக்கு 17 வயசு. டொரண்டோவுல அவன் பெரியம்மா மவ இருக்கா, அவளும் சிநேகிதங்க நாலு பேருமா அஞ்சு பேர் சேந்து இவன ஸ்பான்சர் பண்ணலாமான்னு பாக்காங்க, கனடாவுல அப்படி ஒரு வழி உண்டு, 2024 நவம்பர் கடைசில புது மனு வாங்குதத தற்காலிகமா நிறுத்தி வச்சாங்க, தொறந்தா குடுக்க காயிதம் தயாரா இருக்கணும்லா. ஃபாரம் பிரிண்ட் எடுத்துட்டு வந்திருந்தான். ஊரு, பேரு, பிறந்த தேதி எல்லாம் கடகடன்னு முடிஞ்சிது. பொறவு ஒரு பெரிய இடம் காலியா கெடக்கு, நாட்ட விட்டு ஏன் வந்தீங்க, திரும்பி ஏன் போவ முடியாது, விவரமா எழுதவும். அங்கதான் கேட்டான், "அண்ணை, நான் சண்டைக்குப் போக மாட்டன் எண்டு ஓடி வந்தனான். அப்பிடி வந்தவனை அகதி எண்டு எடுப்பினமோ?"

எனக்கு தெரியல. இருவது வருசமா இந்தத் தொழில், தெரியலைன்னு சொல்ல கூச்சமாத்தான் இருந்துச்சு. பாளையங்கோட்டையில எனக்கு தெரிஞ்ச ஒரு சீனியர் வக்கீல்ட்ட போயி கேட்டேன். அவரு கண்ணாடிய கழட்டி மேசையில வச்சிட்டு, "ஏல, இதே கேள்விய அமெரிக்காக்காரனே கனடாக்காரன்ட்ட ரெண்டு வாட்டி கேட்டிருக்கான், மொத வாட்டி ஜெயிச்சான், ரெண்டாவது வாட்டி தோத்தான், ஏன்னு கண்டுபிடிச்சிட்டு வா"ன்னு ஒரு கட்டு பேப்பர தூக்கி குடுத்தாரு. ராத்திரி ராத்திரியா டிக்ஷனரி வச்சு படிச்சதுதான் இது.

மொத வாட்டி வியட்நாம் சண்டை. அமெரிக்காவுல அப்ப கட்டாய ஆள்சேர்ப்பு, டிராஃப்ட்டுன்னு சொல்லுவாங்க. காலேஜ்ல படிச்சா தள்ளிப் போடலாம், முடிச்சா ஓலை வந்துரும், 1969 டிசம்பர் 1-ந்தேதி பிறந்தநாள குலுக்கல்ல எடுத்து எவன் மொதல்ல போவணும்னு முடிவு பண்ணுனாங்க, திருவிழா சீட்டு குலுக்குத மாதிரி. போவ மாட்டேன்னா ஜெயிலு. இல்லைன்னா வடக்க கனடா இருக்கு. பஃபலோவுக்கும் ஃபோர்ட் எரிக்கும் நடுவுல ஆத்துக்கு மேல ஒரு பாலம், 1927-ல தொறந்தது, பேரே பீஸ் பிரிட்ஜ். நெறைய பையன்க அந்த மாதிரி பாலத்து வழியாத்தான் போனாங்க. (நம்ம சுலோச்சன முதலியார் பாலத்த நெனச்சுக்கிட்டேன், 1843-ல கலெக்டர் கச்சேரியில சிரஸ்தாரா இருந்த மனுசன் சொந்தக் காச போட்டு கட்டுனது. தொழில்ல எங்க இனம், காயிதத்தோட பொழைச்சவரு.)

இங்க ஒரு விசயம் எனக்கு சட்டுனு பிடிபட்டுது. அந்தப் பையன்க எவனும் அகதின்னு சொல்லிக்கிட்டு போவல. 1951 அகதி ஒப்பந்தத்துல கனடா சேந்ததே 1969 ஜூன் மாசந்தான். இவங்க போனது குடியேறுதவங்களா, லேண்டட் இமிகிரண்ட்டுன்னு ஒரு அந்தஸ்து. 1967 அக்டோபர்ல கனடா புள்ளி முறை ஒண்ணு கொண்டு வந்துது, நூத்துக்கு அம்பது எடுத்தா உள்ள விடுவான். படிப்புக்கு வருசத்துக்கு ஒண்ணா இருவது வரைக்கும், வயசுக்கு பத்து, இங்கிலீசுக்கு அஞ்சு, பிரெஞ்சுக்கு அஞ்சு, கையில வேலை இருந்தா பத்து, தொழில் தெறமைக்கு பத்து, அந்தத் தொழிலுக்கு அங்க தேவை இருந்தா பதினஞ்சு வரைக்கும், அப்புறம் ஆபீசர் ஆளப் பாத்து தன் இஷ்டத்துக்கு போடுதது ஒரு பதினஞ்சு. சில்லறையா இன்னும் கொஞ்சம். பார்டர்லயே வண்டிய நிறுத்தி மனு குடுக்கலாம், அங்கனயே பதிலும் வந்துரும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 21 வயசுப் பையன், 14 வருசம் படிச்சிருக்கான். படிப்பு 14, வயசு 10, இங்கிலீசு 5, ஆச்சு 29. டொரண்டோவுல ஒரு கடைக்காரரு வேலை தாரேன்னு ஒரு லெட்டர் குடுத்தா 39. மிச்சத்த தொழில் புள்ளியிலயும் அந்த ஆபீசர் கையில இருக்குத பதினஞ்சுலயுந்தான் தேத்தணும். ஆக உதவி பண்ணுத சங்கத்துக்காரங்க என்ன வேலை பாத்திருப்பாங்கன்னு நெனைக்கீங்க? கொடி புடிச்சதெல்லாம் கொஞ்சம். வேலை லெட்டர் வாங்கிக் குடுக்கது, படுக்க எடம் பாத்துக் குடுக்கது, முடிய வெட்டிட்டு இஸ்திரி சட்டை போட்டுட்டு போ தம்பின்னு சொல்லுதது, சர்ட்டிபிகேட்ட ஒழுங்கா அடுக்கிக் குடுக்கது. நான் திங்கக்கிழமை பண்ணுத அதே வேலை!

டொரண்டோ ஆன்டி டிராஃப்ட் புரோகிராம்னு ஒரு அமைப்பு. அத நடத்துன மார்க் சாட்டின் தானே டிராஃப்ட்டுக்கு தப்பி வந்த பையன், இருவது இருவத்தொண்ணு வயசு. 1968 ஜனவரியில அனான்சி பதிப்பகத்தோட சேந்து ஒரு கையேடு போட்டாங்க, டிராஃப்ட் வயசுல உள்ளவன் கனடாவுக்கு எப்படி குடியேறதுன்னு. ஏறத்தாழ ஒரு லட்சம் பிரதி போயிருக்கு. உள்ள புரட்சிப் பேச்ச தேடாதீங்க, எந்த ஃபாரம், எத்தன புள்ளி, எங்க போயி நிக்கணும், இதுதான். வான்கூவர்லயும் மாண்ட்ரியல்லயும் இதே மாதிரி கமிட்டி இருந்துச்சு, சர்ச்சுக்காரங்க, சண்டையே கூடாதுங்குத கிறிஸ்தவப் பிரிவான குவேக்கருங்க, வீட்டு மாடிய ஒழிச்சுக் குடுத்த சாதாரணக் குடும்பங்க. சொல்லப்போனா இந்தக் கையேட்டு ஆசிரியன்தான் எனக்கு இந்தக் கதையிலயே ரொம்ப பிடிச்ச ஆளு.

ஆனா ஒரு ஓட்டை இருந்துச்சு. ஓலை வர்றதுக்கு முன்னாலயோ வந்த ஒடனேயோ கெளம்பிட்டவன் டிராஃப்ட்டுக்கு தப்புனவன், பெரும்பாலும் காலேஜ் பையன். பட்டாளத்துல சேந்து துணி மாட்டுனதுக்கு அப்புறம் ஓடுனவன் வேற, அவன் பாதிக்குப் பாதி ஏழைவீட்டுப் பையன், படிப்பு குறைச்சல். சட்டத்துல ரெண்டு பேருக்கும் ஒரே புள்ளிதான். ஆனா 1968-ல கனடா குடியேற்றத் துறை ஆபீசருங்களுக்கு ஒரு உள் சுற்றறிக்கை போயிருக்கு, பட்டாளத்த விட்டு ஓடி வந்தவன்னு தெரிஞ்சா உங்க விருப்ப அதிகாரத்த வச்சு தள்ளிவிடலாம்னு. வெளிய சொல்லல. கவுண்டர்ல இருக்குதவன் நேரா மறுக்க மாட்டான், "சாயங்காலம் வாங்க"ம்பான், நமக்கு தெரியாததா.

இத எப்படி வெளிய கொண்டாந்தாங்கன்னு படிச்சப்ப ராத்திரி ஒரு மணிக்கு நான் தனியா சிரிச்சேன். யார்க் யுனிவர்சிட்டியில கிளெண்டன் காலேஜ்னு ஒரு பிரிவு. அங்க அஞ்சு மாணவங்க, எல்லாம் கனடாப் பையன்க. அமெரிக்க விமானப்படைய விட்டு ஓடி வந்த நெசமான ஒரு ஆளோட காயிதங்கள நகல் எடுத்து ஆளுக்கு ஒரு செட்டு வச்சுக்கிட்டாங்க. 1969 பிப்ரவரியில ஒரே நாள்ல அஞ்சு பேரும் அஞ்சு வேற வேற பார்டர் போஸ்ட்டுல போயி நின்னு, அஞ்சு பேரும் அதே ஆளு நாந்தான்னாங்க. ஒரே பேரு, ஒரே வயசு, ஒரே படிப்பு. அஞ்சு எடத்துலயும் முடியாதுன்னுட்டான். ஒரு எடத்துல தள்ளிட்டு இன்னொரு எடத்துல விட்டிருந்தா அது அந்த ஆபீசர் கொணம்னு சொல்லிட்டுப் போயிருப்பான், அஞ்சும் ஒரே மாதிரி விழுந்தா மேல இருந்து வந்த உத்தரவுதான, வேற என்ன? பையன்க அத பத்திரிகைக்கு குடுத்துட்டாங்க. சர்ச்சுங்க எழுதுச்சு, எழுத்தாளர்ங்க எழுதுனாங்க, பார்லிமெண்ட்ல கேட்டாங்க. 1969 மே 22-ந்தேதி மந்திரி ஆலன் மெக்ஈக்கன் எந்திரிச்சு, இனிமே பட்டாளத்துல இருந்தியா ஓடுனியான்னு பார்டர்ல கேக்க மாட்டோம்னு அறிவிச்சாரு. ஒரு வரி உத்தரவு. அது போதும், பாலம் தொறந்துட்டு.

மிச்சம் சுருக்கமா. பல்லாயிரம் பேரு போயி குடியேறுனாங்க. 1972 நவம்பர்ல பார்டர்லயும் உள்ள வந்தும் மனு குடுக்குத வழிய கனடா மூடிட்டுது, 1973-ல ஏற்கெனவே உள்ள இருக்கவங்களுக்கு மட்டும் அறுவது நாள் அவகாசம் குடுத்து பதிவு பண்ணிக்கச் சொன்னாங்க, அதுலயும் சங்கத்துக்காரங்கதான் ஊர் ஊரா போயி ஆளத் தேடி ஃபாரம் நெரப்புனாங்க. 1977 ஜனவரி 21, கார்ட்டர் பிரசிடெண்ட் ஆன மறுநாளே டிராஃப்ட்டுக்கு தப்புனவங்களுக்கு மன்னிப்பு. பட்டாளத்த விட்டு ஓடுனவனுக்கு அதுலயும் கெடையாது. பாதிப் பேரு திரும்பியும் போவல.

இப்ப ரெண்டாவது வாட்டி. 2003 ஈராக் சண்டை. டிராஃப்ட்டு கெடையாது, எல்லாம் தானா சேந்தவங்க. வி.ஓ.சி. மைதானத்துல விடியக்காலம் பையன்க மிலிட்டரி செலக்ஷனுக்கு ஓடுதாங்கல்லா, அந்த மாதிரி காலேஜ் பீசுக்கும் வேலைக்கும் சேந்தவங்க நெறைய. ஜெரமி ஹின்ஸ்மன்னு ஒருத்தன், 82-வது வான்வழிப் படையில இருந்தவன். சேந்த பொறவு மனசு மாறி குவேக்கர் கூட்டத்துக்கு போக ஆரம்பிச்சான். 2002-ல மனசாட்சிப்படி என்னால ஆளக் கொல்ல முடியாது, ஆயுதம் இல்லாத வேலை குடுங்கன்னு மனு போட்டான். அத வெசாரிச்சது ஆப்கானிஸ்தான்ல வச்சு, இவன் அங்க சமையல்கட்டுல நிக்கான். அந்த வெசாரணையில ஒரு கேள்வி, முகாம எதிரி தாக்குனா நீ காப்பாத்த சண்டை போடுவியா? இவன் போடுவேன்னுட்டான். முடிஞ்சிது. அப்ப உனக்கு சண்டையே ஆவாதுங்கறது இல்ல, இந்தச் சண்டைதான் ஆவாது, மனு தள்ளுபடி.

நான் அந்தப் பக்கத்த மடிச்சு வச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். மனு எழுதுதவன் கூட இருந்தா "இல்ல"ன்னு சொல்லச் சொல்லியிருப்பான். நானே சொல்லியிருப்பேன். உண்மைய சொன்னவன் தோத்துட்டான்.

ஈராக்குக்கு உத்தரவு வந்ததும் 2004 ஜனவரியில பொண்டாட்டி, கைப்பிள்ளையோட கனடாவுக்கு வந்துட்டான். அந்த வருசமே வார் ரெசிஸ்டர்ஸ் சப்போர்ட் கேம்பெயின்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. அவனுக்கு வக்கீல் ஜெஃப்ரி ஹவுஸ், அவரே வியட்நாம் டிராஃப்ட்டுக்கு தப்பி வந்தவரு. இயக்கத்த ஒருங்கிணைச்ச லீ சாஸ்லாஃப்ஸ்கி அதே வியட்நாம் காலத்துல பட்டாளத்த விட்டு ஓடி வந்தவரு. முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னால உள்ள வந்தவங்க கதவுப் பக்கம் நின்னு அடுத்தவன கைதூக்கி விடப் பாத்தாங்க. ஆனா கதவு மாறிப் போச்சு. பார்டர்ல புள்ளி எண்ணுத கவுண்டர் இப்ப இல்ல. அகதின்னு கோரிக்கை வச்சு, அத வெசாரிக்குத அகதி வாரியத்து முன்னால நிக்கணும், நிரூபிக்கணும்.

அகதிச் சட்டத்துல என்ன இருக்குன்னா, ஐ.நா. அகதிகள் ஆணையத்தோட கையேட்டுல 168-வது பத்தி, பட்டாளம் பிடிக்கலைங்கறதுக்காகவோ சண்டைக்கு பயந்தோ மட்டும் ஓடுனவன் அகதி இல்லைங்குது. 171-வது பத்தி, உலகமே கண்டிச்ச மாதிரி அடிப்படை மனுச நெறிக்கு விரோதமான சண்டைன்னா அதுல சேர மறுத்ததுக்கு தண்டிக்கறதே கொடுமையா எடுத்துக்கலாம்ங்குது. 1993-லயே கனடா கோர்ட்டு, குர்துகள் மேல விஷவாயு போடப் பாத்த படையில இருக்க மாட்டேன்னு வந்த ஈரான்காரர் ஒருத்தருக்கு இத வச்சு அடைக்கலம் குடுத்திருக்கு. அதனால ஹவுஸ் ஈராக் சண்டையே சட்டவிரோதம்னு நிரூபிக்கப் பாத்தாரு. வாரியம் அந்தச் சாட்சியத்த கேக்கவே மாட்டேன்னுட்டு 2005 மார்ச்சுல தள்ளிட்டுது. 2006-ல ஃபெடரல் கோர்ட்டு நீதிபதி ஆன் மெக்டேவிஷ், சண்டை சட்டப்படி சரியா தப்பாங்கறது அத முடிவு பண்ணுத பெரிய ஆளுங்க சம்பந்தப்பட்டது, சாதாரண சிப்பாய்க்கு அது பொருந்தாதுன்னுட்டாரு. 2007-ல அப்பீல் கோர்ட்டு, அமெரிக்கா ஜனநாயக நாடு, அங்க உள்ள வழிய எல்லாம் முட்டிப் பாத்துட்டுத்தான் இங்க வரணும்னுட்டுது. அந்த வருசம் நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு எடுக்கவே இல்ல.

இயக்கம் பார்லிமெண்டுக்குப் போச்சு. 2008 ஜூன் 3-ந்தேதி இவங்கள இருக்க விடுங்கன்னு ஒரு தீர்மானம், 137-க்கு 110. ஜெயிச்சாச்சு. 2009 மார்ச்சுல மறுபடி, 129-க்கு 125. அதுவும் ஜெயிச்சாச்சு. ஆனா தீர்மானம் அரசாங்கத்த கட்டுப்படுத்தாது, நம்ம சட்டசபையில போடுத தீர்மானம் எத்தன டெல்லியில தூங்குதுன்னு நமக்கு தெரியாதா. மொத ஓட்டு முடிஞ்சு ஆறே வாரத்துல, 2008 ஜூலையில, ராபின் லாங்குன்னு ஒருத்தன பிடிச்சு அனுப்பிட்டாங்க, அங்க 15 மாசம் ஜெயில். 2010-ல சட்டமாவே கொண்டாந்தாங்க, 143-க்கு 136-ல விழுந்துட்டு, ஏழு ஓட்டு. 2012 செப்டம்பர்ல கிம்பர்லி ரிவேரா, பிள்ளைகுட்டிக்காரி, அவளையும் அனுப்பியாச்சு, பத்து மாசம்.

ஒரே ஒரு தடவ கோர்ட்டு கொஞ்சம் எறங்கி வந்துச்சு. 2010 ஜூலை 6, ஹின்ஸ்மனோட மனிதாபிமான மனுவ பாத்த ஆபீசர் அவனோட நம்பிக்கைய கணக்குல எடுக்கவே இல்ல, திரும்பப் பாருன்னு அப்பீல் கோர்ட்டு சொல்லுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஜூலை 22-ந்தேதி மந்திரி ஜேசன் கென்னி காலத்துல ஆபீசருங்களுக்கு ஒரு செயல்முறை அறிக்கை போவுது, நம்பர் 202, பட்டாளத்த விட்டு ஓடுனது அவங்க நாட்டுல பெருங்குத்தம், இந்த மாதிரி மனு வந்தா மேல கேட்டுக்கோன்னு. 1968-ல ரகசியமா போன அதே சரக்கு, இந்த வாட்டி வெளிப்படையா.

சீனியர்ட்ட போயி சொன்னேன், மொத வாட்டி கேட்டது "உனக்கு எத்தன புள்ளி", ரெண்டாவது வாட்டி கேட்டது "உன் மனசாட்சிக்கு ரசீது எங்க"ன்னு. மொதக் கேள்விக்கு சங்கத்துக்காரங்களால உதவ முடிஞ்சுது, வேலை லெட்டர் வாங்கலாம், சட்டைக்கு இஸ்திரி போடலாம். மனசாட்சிக்கு லெட்டர் யாருட்ட வாங்க? அவரு ஒத்துக்கிடல. "வே, இயக்கம் இல்லைன்னா மொத மாசத்துலயே அனுப்பியிருப்பான், வருசக்கணக்கா தாக்குப்பிடிச்சாங்கல்லா, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சுல்லா"ன்னாரு. அதுவும் நெசந்தான். ஆனா இயக்கம் டிவியிலயும் மேடையிலயும் ஆள ஏத்துனதுல எனக்கு ஒரு நெருடல் இருக்கு, வெளிய வாயத் தொறந்து பேசுனவனுக்குத்தான் அங்க தண்டனை கூடுதுன்னு அவங்க வக்கீல்களே கோர்ட்டுல வாதாடியிருக்காங்க. தெரிஞ்சே ஏத்துனாங்களா, ஆளுங்களே ஏறுனாங்களா, தூரத்துல இருந்து சொல்லக் கூடாது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். இந்தியா அந்த ஒப்பந்தத்துல சேரவே இல்ல, அகதிக்குன்னு தனிச் சட்டமும் கெடையாது. 2021 பிப்ரவரியில பர்மாவுல பட்டாளம் ஆட்சிய பிடிச்சப்ப, ஊர்வலத்துல போற சனத்த சுடமாட்டேன்னு போலீஸ்காரங்க கொஞ்சம் பேரு மிசோரமுக்கு தப்பி வந்தாங்க. மார்ச் 10-ந்தேதி டெல்லியில இருந்து மிசோரமுக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் லெட்டர், உள்ள விடாத, மாநிலத்துக்கு அகதி அந்தஸ்து குடுக்க அதிகாரம் இல்லைன்னு. 18-ந்தேதி முதலமைச்சர் சோரம்தங்கா பிரதமருக்கு பதில் லெட்டர், இவங்க எங்க ரத்தம், கண்ணை மூடிக்கிட்டு இருக்க முடியாதுங்கற மாதிரி. நடுவுல யங் மிசோ அசோசியேஷன்காரங்களும் சர்ச்சுக்காரங்களும் அரிசி மூட்டைய எறக்கிட்டாங்க. அந்த வருசம் மே மாசம் மணிப்பூர் ஐகோர்ட்டு, உயிருக்கு ஆபத்து உள்ள எடத்துக்கு திருப்பி அனுப்பாம இருக்கது அரசியல் சட்டத்துல உயிர் வாழுத உரிமையச் சொல்லுத 21-வது பிரிவுக்குள்ள வரும்னு சொல்லி, பர்மாக்காரங்க ஏழு பேர டெல்லிக்குப் போயி ஐ.நா. ஆபீஸ்ல மனு குடுக்க விட்டுது. எங்களுக்கு இது கேள்விப்பட்ட கதை. ராமேஸ்வரத்துல எறங்குனவங்களுக்கு மொதல்ல சோறு போட்டது எந்தச் சட்டம்?

முகாமுக்கு இப்ப பேரு மறுவாழ்வு முகாம், 2021-ல மாத்துனாங்க. தமிழ்நாட்டுல நூறுக்கு மேல இருக்கு, எங்க பக்கம் கோபாலசமுத்திரம், பெருமாள்புரம், சமூகரெங்கபுரம். 2019 குடியுரிமைத் திருத்தத்துல இலங்கை வரல. தம்பிகிட்ட இருக்குத இந்தியக் காயிதத்த எல்லாம் மேசையில பரப்பிப் பாத்தேன், வந்த தேதி, வந்த வழி, பதிவு நம்பர், குடும்பத்துல எத்தன பேரு. ஏன் வந்தேன்னு ஒண்ணுலயும் கட்டம் இல்ல. பதினெட்டு வருசமா அவன்ட்ட யாரும் கேக்கல. கனடா ஃபாரந்தான் மொத மொத கேக்குது. ஆனா அஞ்சு பேர் சேந்து ஸ்பான்சர் பண்ணுத வழிக்கு ஐ.நா.வோ ஒரு அரசாங்கமோ இவன் அகதிதான்னு ஒத்துக்கிட்ட காயிதம் ஒண்ணு வேணும், அது எதுன்னு நானும் சீனியரும் இன்னும் அடிச்சுக்கிட்டிருக்கோம். ஒரு ஆபீஸ்ல போயி கேட்டோம், "அதான் முகாம்ல இருக்கானே, பொறவென்ன"ன்னாங்க.

போன ஞாயித்துக்கிழமை அந்தப் பெரிய இடத்த நெரப்ப உக்காந்தோம். அவன் சொன்னான், நான் எழுதுனேன். வன்னியில புலிகள் இயக்கம் வீட்டுக்கு ஒராள் கேட்டது. அண்ணன் போயிட்டான், வரல. பொறவு ஒராள்ங்கறதும் போச்சு, ரோட்டுல நின்னு பிடிச்சாங்க. அம்மா இவன பகல்ல கெணத்துப் பக்கம் வெட்டுன குழியில ஒளிச்சு வச்சா, மேல தகரம், தகரத்து மேல ஓலை. படகுக்காரனுக்கு குடுத்தது அம்மா தாலிக்கொடி. இவ்வளவும் வந்துட்டு.

"நீ ஏன் போகல?"ன்னு கேட்டேன். ஃபாரத்துல அது தனிக் கேள்வி இல்ல, ஆனா வாரியத்துல அதத்தான் கேப்பான்.

நகத்துல இருந்த பெயிண்ட்ட சொரண்டிக்கிட்டே இருந்தான். "பயம் அண்ணை"ன்னான். கொஞ்சம் கழிச்சு, "மற்றது, எனக்கு ஒருத்தரையும் சுட ஏலாது"ன்னான்.

168-வது பத்தி எனக்கு ஞாபகம் வந்துச்சு. இவன் கதை வேற, அப்ப இவன் மைனர், வலுக்கட்டாயமா பிடிக்க வந்தாங்க, அதுவே ஒரு வாதம், சீனியர் அத நல்லா நிறுத்தலாம்ங்காரு. இருந்தாலும் பயம்ங்கற வார்த்தைய கீழ தள்ளு, சுட முடியாதுங்கறத மேல போடுன்னு சொல்லுதாரு. ரெண்டும் அவன் சொன்னதுதான, பொய் இல்லியே, வரிசை மட்டுந்தானங்காரு. நான் தம்பிட்ட கேட்டேன். "முதல்ல வந்தது பயம்தான் அண்ணை, அப்பிடியே எழுதுங்கோ"ன்னான்.

எழுதியிருக்கேன். ஃபாரம் இன்னும் என் மேசை டிராயர்லதான் இருக்கு. நாளைக்கு சீனியர் மறுபடி ஒருக்கா பேசிப் பாக்குதேன்னிருக்காரு, தம்பிக்கு தாழையூத்துல வேலை, ஆறு மணிக்கு மேலதான் வருவான்.